வாலறுந்த சொல்

தீவன ஆலைக் குடியிருப்பில் யாரும் எதையும் ஒரு தடவை சொல்லி நிறுத்துவதில்லை. "டீ வை டீ வை" என்பார்கள். "வந்துட்டேன் வந்துட்டேன்" என்பார்கள். கல்யாணமாகி அங்கே புதிதாக வருகிற பெண்கள், இந்த மனுஷனுக்கு எதற்கெடுத்தாலும் அப்படி என்ன அவசரம் என்று முதலில் முகத்தைச் சுளிப்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் அதே தொற்றிக்கொள்ளும். பிள்ளைகள் பசி என்று அழுவதுகூட இரண்டு தடவைதான்.

எல்லாம் குதிரால் வந்த வினை. பலகையில் சைலோ என்று எழுதியிருந்தாலும் வேலைக்காரர்கள் வாயில் அது குதிர்தான். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில், மக்காச்சோளம் கொட்டி வைக்கிற இரும்புக் குதிர்கள் ஆலைக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். சோளம் சூடேறாமல் இருக்க ஒவ்வொன்றின் அடியிலும் பெரிய ஊதுவிசிறி ஓடிக்கொண்டே இருக்கும். மேல்மூடியைத் திறந்து ஓர் ஆள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே இறங்குவான். இன்னோர் ஆள் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உருளையில் ஓடும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பான். கயிறு விளிம்பில் உரசி வருவதால் கீழே சுண்டினாலும் மேலே தெரியாது. வாக்கி-டாக்கி அந்தத் தகரத்துக்குள் கொரகொரவென்று இருமுமே தவிரப் பேசாது. வாய்தான் கதி. விசிறிச் சத்தத்தில் அந்த வாய்ச்சொல்லும் பாதிதான் மேலே வந்து சேரும்.

ஒரு காலத்தில் அங்கேயும் எல்லாரையும் போல ஒரு தடவைதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் உள்ளே நின்றவனின் கை ஏணிக்கம்பிக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. "இழுக்காத!" என்று கத்தினான். வாலை விசிறி தின்றுவிட்டது. மேலே வந்தது வெறும் "இழு". மேலே இருந்தவர்கள் சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள். மூன்று பேராகச் சேர்ந்து இழுத்தார்கள். அன்றைக்குக் கழன்ற தோள் அவனுக்குப் பிறகு ஒழுங்காகக் கூடவே இல்லை. ஒத்தத்தோள் என்ற பேரும், கயிறு பிடிக்கிற வேலையும்தான் மிச்சம்.

வேண்டாம் என்பதை வாக்கியத்தின் வாலில் கொண்டுபோய் வைக்கிற பாஷையில் இதற்குமேல் என்ன செய்வது? வால் வைத்த சொல்லே குதிருக்குள் கூடாது என்று ஒத்தத்தோள் விதி போட்டான். மேலே தூக்க வேண்டுமென்றால் "இழு இழு". கயிற்றைத் தளர்த்த வேண்டுமென்றால் "விடு விடு". இரண்டு தடவை காதில் விழுந்தால்தான் கயிற்றில் கை வைக்கலாம். ஒற்றையாக வந்தது சொல்லே அல்ல. எடைமேடைக் கணக்கர் தமிழ் படித்தவர். "மத்த ஊர்ல இது அடுக்குத்தொடர். இங்க இரட்டைக்கிளவிப்பா, பிரிச்சா பொருள் தராது" என்று சிரித்தார். குதிருக்குள் அதிகம் இறங்குகிற ஆளுக்கு அதையே பேராகவும் சூட்டிவிட்டார். மற்றவர்கள் வாய்க்கு அது நீளம். எடைமேடையிலிருந்து குடியிருப்புக்கு வந்து சேருவதற்குள் "ரெட்டை" என்று பாதியாகிவிட்டது.

ரெட்டைக்குக் கல்யாணமானபோது பெண் ஒரு கையில் தகரப்பெட்டியும் இன்னொரு கையில் தங்கச்சியுமாக வந்து இறங்கினாள். அப்பா அம்மா இல்லாத பெண்கள். "பெட்டி ரெண்டு வந்திருக்கு. ஒண்ணு பூட்டு போட்டது, ஒண்ணு வாய மூடாதது" என்று ரெட்டை சொன்னான். சின்னவள் அதிலிருந்து அவனுக்குக் குட்டிப்பெட்டிதான். படித்தாள், இன்ஜினியர் ஆனாள், வெளியூர் வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு அதே ஆலைக்கே வந்தாள். அவள் பொறுப்பில் கொடுத்ததும் பெட்டிகள்தான் என்பது வீட்டில் ரொம்ப நாள் ஓடிய வேடிக்கை.

உள்ளங்கை அளவுப் பெட்டிகள் அவை. சோளத்துக்குள் ஆங்காங்கே புதைந்துகிடந்து சூட்டையும் ஈரத்தையும் அளந்து, குதிரின் முகட்டில் இருக்கிற தாய்ப்பெட்டிக்குக் கம்பியில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கும். கீழே அலுவலகத்தில் சின்னவளின் திரையில் எண்களாக வந்து உட்காரும். முன்பெல்லாம் ஆள் இறங்கி நீளக்கம்பியைக் குத்திப் பார்த்துத்தான் சூடு தெரிய வேண்டும். பெட்டி வந்ததும் அந்த வேலை ஒழிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒழியவில்லை. பெட்டிக்கும் பசிக்கும். பேட்டரி தீர்ந்தால் மாற்ற ஆள் இறங்க வேண்டும். அந்தப்புறச் சுவரோரம் கிடக்கிற ஆழத்துப் பெட்டிக்கு மார்பளவு தோண்ட வேண்டும். தோண்டுகிறவன் மூக்கிலும் நெஞ்சிலும் சோளத்தூசி போய்ப் படியும்.

ரெட்டை இரும ஆரம்பித்திருந்தான். இருமினால் லேசில் நிற்காது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் தூசிப்பக்கமே போகக்கூடாது என்றார். தூசிப்பக்கம் போகாமல் அந்த ஆலையில் அவனுக்கு என்ன வேலை இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை.

அன்றைக்கு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் சோற்றைத் தட்டில் போட்ட வேகத்தில் பாதி தரையில் சிந்தியது.

"அந்தப் பெட்டி அப்படி என்னதான் பேசுதுன்னு இத்தனை பேட்டரி தின்னுது?" என்றாள் தங்கையிடம்.

"பேச்சு கொஞ்சம்தான்க்கா. காவலுக்குத்தான் நிறைய செலவு."

"என்ன காவல்?"

"சூடு இவ்வளவுன்னு ஒரு எண் அனுப்பும். வழியில அது அடிபட்டுட்டா? அதுக்காகக் கூடவே இன்னும் கொஞ்சம் எழுத்தைச் சேர்த்து அனுப்பும். நடுவுல ரெண்டு மூணு தொலைஞ்சாலும், மேல இருக்கிறது கணக்குப் போட்டு, விட்டுப்போனத நிரப்பிக்கும்."

"நாங்க ரெண்டு தடவை சொல்றோமே, அது மாதிரி" என்றான் ரெட்டை.

"அதேதான் மாமா, அதையே கொஞ்சம் சூட்சுமமா. என்ன, நீங்க ரெண்டாவது தடவை சொல்றதுக்குப் பேட்டரி செலவாகாது."

"யாரு சொன்னா? உள்ள நின்னு கத்திப் பாரு, தெரியும் சங்கதி." சிரித்தான். சிரிப்பு இருமலாகி, தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான்.

அவன் முற்றத்தில் இருமி முடிக்கிறவரை பெரியவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"அந்தக் காவலை எடுத்துட்டா என்ன ஆகும்?"

"பேட்டரி ரொம்ப நாள் வரும்."

"ரொம்ப நாள்னா? இவரு அடிக்கடி இறங்க வேணாமா?"

"ஒரு போகத்துக்கு ஒருதரம் போதும்னு நினைக்கிறேன்."

"அப்ப எடுத்துடு எடுத்துடு. நீ படிச்ச படிப்பு இதுக்காச்சும் உதவட்டும்."

"அப்படி எடுத்த எடுப்புல எடுக்க முடியாதுக்கா. பாக்கணும்."

பார்த்தாள். கிட்டத்தில் இருக்கிற பெட்டிக்குக் காவல் எழுத்து வெறும் தண்டச்செலவு. அது காப்பாற்றுவதைவிடத் தின்பதுதான் அதிகம். தூரம் கூடக் கூட, நடுவில் இருக்கிற சரக்கு ஈரமாக ஆக ஆக, அதே காவல் தின்றதைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கும். எந்த இடத்தில் நஷ்டம் லாபமாக மாறுகிறது என்பதுதான் அவள் படிப்பின் மொத்தச் சாரமும். அது கோடை. குதிர்களில் சோளம் கலகலவென்று காய்ந்து கிடந்தது. காவலை எடுத்துவிட்டுச் சோதித்தபோது அந்தப்புறச் சுவரோரப் பெட்டி உட்பட எல்லாமே பிசகாமல் பேசின. பக்கத்துப் பெட்டிகளுக்கு மட்டும் எடுத்துவிட்டு ஆழத்துப் பெட்டிகளுக்கு விட்டுவைத்திருக்கலாம். ஆனால் மாமா மார்பளவு தோண்டுவது ஆழத்துப் பெட்டிகளுக்காகத்தானே? அங்கேதான் அவள் கணக்கு பாசத்தின் பேச்சைக் கேட்டது. எல்லாவற்றிலும் எடுத்துவிட்டாள்.

மேனேஜருக்குக் காரணம் தேவைப்படவில்லை, பேட்டரிச் செலவு குறைந்ததே போதும். எல்லாரையும் கூட்டி வைத்து அவளைப் பாராட்டிப் பேசினார். "ஒரு பொண்ணு நினைச்சா என்ன பண்ண முடியும்னு பாருங்க" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். ஒத்தத்தோள் கையைத் தூக்க முடியாமல் தொடையில் தட்டினான்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தது. ரெட்டையை மூட்டை தைக்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள். இருமல் தணிந்தது. சாயங்காலம் குளித்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் வம்புக்கு இழுத்தான். பெரியவள் பாத்திரம் கழுவும்போது மெல்ல முனகிப் பாடுவது கேட்டது. "எங்க வீட்டுக் குட்டிப்பெட்டி இருக்கே, அதுக்குப் பேட்டரியே வேணாம், நிறுத்தாம பேசும்" என்று ரெட்டை சொல்ல, சின்னவள் தட்டால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அந்த நாட்களை அவர்கள் யாரும் விசேஷமாகக் கவனிக்கவில்லை.

பிறகு மழை வந்தது. அறுவடை நேரத்தில் வந்து, போகவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. லாரி லாரியாக நனைந்த சோளம் வந்து நின்றது. உலர்த்துகிற இயந்திரம் ஒன்றுதான், அது இரவுபகலாக ஓடியும் ஈடுகொடுக்க முடியவில்லை. லாரிக்காரர்கள் வாசலில் நின்று கத்தினார்கள். "பாதி காஞ்சாப் போதும், உள்ள தள்ளு. விசிறி பாத்துக்கும்" என்றார் மேனேஜர். தள்ளினார்கள்.

ஈரச் சோளம் எதையும் வெளியே விடாது. பெட்டி சொன்னது வழியிலேயே அடிபட்டு, கையும் காலும் இல்லாமல் மேலே போய்ச் சேர்ந்தது. முன்பென்றால் காவல் எழுத்தை வைத்து ஒட்டுப்போட்டு நிமிர்த்தியிருக்கும். இப்போது தாய்ப்பெட்டிக்கு அடிபட்டதைத் தூக்கியெறிவதைத் தவிர வேறு தெரியாது. எறிந்துவிட்டுக் கடைசியாக நன்றாக வந்த எண்ணையே திரையில் காட்டியது. பச்சை நிறத்தில், சமர்த்தாக.

ஒரு காலை நேரத்தில் சின்னவள் அதைக் கவனித்தாள். அந்தப்புறச் சுவரோரப் பெட்டியின் எண் நேற்றும் இதுதான், முந்தாநாளும் இதுதான். சோளம் மூச்சு விடுகிற பண்டம். சூடு கொஞ்சமாவது ஏறும், கொஞ்சமாவது இறங்கும். இப்படிச் செத்த மாதிரி நிற்காது. மேனேஜர் அறைக்கு ஓடினாள்.

"மாறாம இருந்தா நல்லதுதானம்மா?" என்றார் அவர்.

"சார், அது இன்னைக்கு வந்த எண் இல்ல. பழசு. பெட்டி சொல்றது மேல வந்து சேரல."

"நீதானே அன்னைக்கு எல்லாம் வருதுன்னு சொன்னே?"

"அன்னைக்கு காஞ்சு இருந்துச்சு சார்."

"சரி, அந்த என்னமோ எடுத்தியே, அதைத் திருப்பிப் போட்டுடு."

போட்டுத்தான் பார்த்தாள். காவலைத் திரும்பச் சேர்த்துக்கொள் என்று கட்டளை அனுப்பினாள். கிட்டத்துப் பெட்டிகள் கேட்டுக்கொண்டன. சுவரோரத்தில் கிடப்பது கேட்கவில்லை. சொல்ல முடியாத பெட்டிக்குக் கேட்கவும் முடியவில்லை. திரும்பத் திரும்ப அனுப்பினாள். பச்சை எண் அசையாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வாசனை வந்தது. புளித்த மாவும் கருகின துணியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. குடியிருப்பில் துணி காயப்போட வந்த பெண்கள் மூக்கைச் சுருக்கினார்கள். பழைய ஆட்களுக்கு அது என்னவென்று தெரியும். உள்ளே எங்கேயோ சோளம் வெந்துகொண்டிருக்கிறது. விட்டால் பற்றும். பற்றினால் தூசியோடு சேர்ந்து வெடிக்கும். குடியிருப்பு குதிருக்கு நேர் பின்னால்தான் இருக்கிறது.

"காலி பண்ணிடலாம் சார்" என்றாள் சின்னவள்.

"எங்கேன்னு? கொட்ட இடம் எங்க இருக்கு? வெளியில கொட்டினா மழைல மொத்தமும் போச்சு. முதல்ல சூடு எந்தப் பக்கம், எவ்வளவுன்னு தெரியட்டும். உங்க மாமாவை ஒரு எட்டு இறக்கிப் பாத்துடலாம். அப்படியே அந்தப் பெட்டியையும் எடுத்தாந்துட்டா நீ உன் வேலையைப் பாக்கலாம்."

"நான் இறங்கறேன் சார்."

"விளையாடறியா? கயிறு கட்டத் தெரியுமா உனக்கு?"

வீட்டில் அவள் வாய் திறப்பதற்கு முன்னாலேயே செய்தி வந்து சேர்ந்திருந்தது. ரெட்டை பழைய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான். பெரியவள் கதவை மறித்து நின்றாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டர் வீடு குதிருக்குப் பின்னாடியா இருக்கு? நம்ம வீடுதானே இருக்கு. வழி விடு வழி விடு."

"வேற ஆளே இல்லையா?"

"அந்தப் பக்கச் சுவர் எனக்குத்தான் பழக்கம். போய் ஒரு குத்து குத்திப் பாத்துட்டு, பெட்டியைக் கையில எடுத்துட்டு வந்துடறேன். டீ ஆறதுக்குள்ள வந்துடுவேன்."

பெரியவள் தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"இவரு இறங்கக்கூடாதுன்னுதானே நீ அதைச் செஞ்சே?"

"ஆமாக்கா."

"இப்ப அதனாலயே இறங்கறாரு. அப்படித்தானே?"

சின்னவள் தலையை ஆட்டினாள். "விடு, புள்ளைய ஏன் கரிச்சுக்கொட்டுறே? எடுக்கச் சொன்னதே நீதானே" என்றான் ரெட்டை. அது உண்மை. அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாத உண்மை. பெரியவள் கதவை விட்டு நகர்ந்தாள்.

மத்தியானம். தூறல் விட்டிருந்தது. குதிரின் மேல்தளம் வழுக்கியது. சின்னவளும் ஏறிவந்து மூடிக்குப் பக்கத்தில் மண்டியிட்டுக்கொண்டாள். விசிறியை நிறுத்தலாமே என்று கேட்டதற்கு, வெந்துகொண்டிருக்கிற குதிரில் காற்றை நிறுத்தினால் உள்ளே இறங்குகிறவன்தான் முதலில் மூச்சுமுட்டிப் போவான் என்றான் ஒத்தத்தோள். ரெட்டை வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, கம்பியைத் தோளில் சாய்த்து, அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு இறங்கினான்.

"விடு விடு" என்று குரல் வந்தது. ஒத்தத்தோள் கயிற்றைத் தளர்த்தினான். சுவர்வரைக்கும் நடந்து போகக் கயிறு தளர்வாக இருக்க வேண்டும். திரும்பவும் "விடு விடு". சின்னவள் குனிந்து பார்த்தாள். ஆவியும் தூசியும் கலந்த மங்கலில் அவன் தலை மட்டும் நகர்ந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

ஈரச் சோளம் சூடேறினால் மேல்பக்கம் அடையாகக் கட்டிக்கொள்ளும். அடைக்குக் கீழே பொந்து விழுந்திருக்கும். பார்த்தால் தரை மாதிரிதான் தெரியும். இது எல்லாருக்கும் தெரியும், ரெட்டைக்கும் தெரியும். ஆனால் அந்தப்புறச் சுவர்ப்பக்கம் சூடே இல்லை என்றல்லவா திரையில் பச்சையாகப் போட்டிருந்தது! அது பழைய எண் என்று அவளே அவனிடம் சொல்லியிருந்தாள். சொன்னது அவன் மனசில் எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்ததோ.

"இழு."

சின்னவள் நிமிர்ந்தாள். "இழுன்னாரு" என்றாள்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றான் ஒத்தத்தோள். கயிற்றை இறுக்கிப் பிடித்தான், இழுக்கவில்லை. "ரெண்டாவது வரட்டும்."

"இழுன்னுதானே சொன்னாரு?"

"வாலு போயிருந்தா? கை எங்கயாச்சும் மாட்டியிருந்தா? எனக்குத் தெரியும்மா அது." அவன் கழுத்தை நீட்டிக் காதைக் கொடுத்தான். "சொல்லு சொல்லு!" என்று கீழே பார்த்துக் கத்தினான்.

அவன் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது. அடிபட்டு வந்ததை நம்பக்கூடாது. தூக்கியெறிந்துவிட்டு மறுபடி கேட்க வேண்டும். அவள் படித்ததும் அதைத்தானே? இரண்டு பேரும் குனிந்து விசிறிச் சத்தத்துக்குள் காதை வைத்துக் காத்திருந்தார்கள். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது வரவில்லை.

கயிறு தானாக விறைத்தபோதுதான் ஒத்தத்தோள் அலறினான். இழுத்தார்கள். வரவில்லை. அடை உடைந்து மார்பு வரைக்கும் சோளத்துக்குள் போனவனைக் கயிறு கட்டி இழுத்தால் கயிறுதான் அறும். ஆட்கள் ஓடிவந்து குதிரின் பக்கவாட்டுத் தகரத்தை வெட்டித் திறந்தார்கள். சோளம் குபுகுபுவென்று மழைச் சேற்றில் கொட்டியது. கொட்ட இடமில்லை என்று சொன்ன சோளம் முழுக்க அங்கேதான் கொட்டியது. கடைசியில் ரெட்டையைத் தூக்கி வந்து படுக்க வைத்தபோது முகம் நீலமாக இருந்தது. மூச்சு இருந்தது, அவ்வளவுதான்.

சோளத்தோடு சோளமாக அந்தப் பெட்டியும் வெளியே வந்து விழுந்திருந்தது. சின்னவள் பிறகு அதை எடுத்துச் சோதித்துப் பார்த்தாள். பேட்டரியில் துளி இல்லை. வந்து சேர்ந்தது என்று மேலேயிருந்து பதில் வராமல் போகப் போக, அது மறுபடி மறுபடி சொல்லியே தீர்ந்துபோயிருந்தது. காவலோடு விட்டிருந்தால் ஒரு தடவை சொன்னதே போய்ச் சேர்ந்திருக்கும், பேட்டரியும் மிஞ்சியிருக்கும். மிச்சம் பிடிக்கப் போய் உள்ளதும் போயிற்று. அவள் அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக் கழிப்பறையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மேனேஜர் பெரியவளிடம் ரொம்பத் தன்மையாகப் பேசினார். ஆலை கைவிடாது என்றார். ஆனால் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டுமல்லவா, அதில் உள்ளதை உள்ளபடிதானே எழுத முடியும் என்று தயங்கினார்.

"உங்க வீட்டுக்காரர் விதிப்படி ரெண்டு தடவை கூப்பிடலைம்மா. ஒரு தடவைதான் கூப்பிட்டிருக்காரு. அதான் மேல இருந்தவங்க இழுக்கல. பாவம், அவங்க மேல தப்பு சொல்ல முடியாது."

அவர் போனபின் பெரியவள் திரும்பினாள். எதிர் பெஞ்சில் சின்னவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீ மேலதானே இருந்தே?"

"ஆமாக்கா."

"அவரு கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்னன்னு?"

"இழுன்னு."

"நெஞ்சு வரைக்கும் பொதைஞ்சு கெடக்கற மனுஷன் ஒரு தடவை கூப்பிட்டா உனக்குப் பத்தாதா? அவருக்கு ஏதுடி ரெண்டாவதுக்கு மூச்சு?"

அதற்குப் பதில் சின்னவள் படித்த புத்தகங்களில் எங்காவது இருக்கலாம். எவ்வளவு மூச்சு மிச்சமிருந்தால் எத்தனை தடவை சொல்லலாம் என்ற கணக்கைத்தானே இத்தனை காலமும் போட்டுக்கொண்டிருந்தாள்? அதை ஆளுக்குப் போட வேண்டும் என்றுதான் தோன்றாமல் போயிற்று.

ரெட்டை வீட்டுக்கு வந்தான். உடைந்த விலா எலும்புகள் கூடின, நெஞ்சு கூடவில்லை. ஒரு மூச்சுக்கு ஒரு சொல் என்று ஆனது. "தண்ணி" என்பான். அதை இன்னொரு தடவை சொல்ல அவனால் முடியாது. பெரியவள் எந்த வேலையில் இருந்தாலும் அந்த ஒரு சொல்லுக்கு ஓடினாள். அடுப்பு எரிந்தாலும் ஓடினாள். மிக்ஸி ஓட்டினால் கேட்காமல் போய்விடும் என்று அவன் தூங்கும்போதுதான் ஓட்டினாள். எடைமேடைக் கணக்கர் பார்க்க வந்து, வைத்த பேரை நினைத்தோ என்னவோ, ஒரு வார்த்தை பேசாமல் போனார். ஒத்தத்தோள் வாசல்வரை வந்து திரும்பிப் போய்விடுவான்.

சின்னவளிடம் பெரியவள் சண்டை போடவில்லை. பேச்சையும் நிறுத்திவிடவில்லை. எல்லாவற்றையும் ஒரே ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். "சோறு இருக்கு" என்பாள். காதில் விழுந்தால் சாப்பிடலாம். "என்னக்கா?" என்று கேட்டால் பதில் வராது. குடியிருப்பு முழுக்க இரட்டை இரட்டையாகப் பேசிக்கொண்டிருக்க, அந்த வீட்டில் மட்டும் சொல் ஒற்றையாக நடமாடியது.

ஒருநாள் பெரியவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் சின்னவள் மாமாவின் கட்டிலோரம் போய் உட்கார்ந்தாள். "மாமா, நான் இழுக்கச் சொல்லி அடம்பிடிச்சிருக்கணும்" என்று ஆரம்பித்தாள். மேற்கொண்டு சொல்ல முடியாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ரெட்டை அவளையே பார்த்தான். உதடு அசைந்தது.

"விடு" என்றான்.

நடந்ததை விட்டுவிடு என்றானா, கையை விடு என்றானா? அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஆலையில் இப்போது எல்லாப் பெட்டிக்கும் காவல் உண்டு, கிட்டத்தில் இருப்பதற்கும் சேர்த்து. பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. மாற்றுவதற்குப் புதிதாக ஓர் ஆளைப் பிடித்திருக்கிறார்கள். சின்னவளை மேலிடம் வேறு ஊர் ஆலைக்கு மாற்றியது. பேட்டரியை மிச்சம் பிடித்ததற்குக் கிடைத்த பதவி உயர்வு என்று உத்தரவில் போட்டிருந்தது. அறிக்கையைப் படிக்காதவர்கள் யாரோ போட்ட உத்தரவு. அவள் அதை வீட்டில் சொன்னபோது பெரியவள் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் ரெட்டை நல்ல தூக்கத்தில் இருந்தான். சின்னவள் அவன் காலருகே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்தாள். பெரியவள் இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவனுக்காகச் சோற்றை மிக்ஸியில் போட்டு அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி பழசு, ஊரைக் கூட்டுகிற சத்தம்.

"கிளம்பறேன்க்கா" என்றாள்.

பெரியவள் திரும்பவில்லை. ஆனால் ஏதோ சொன்னாள். சொன்னது நிச்சயம். தோள் அசைந்தது, குரலும் வந்தது.

"போயி..." என்பது வரைக்கும் கேட்டது. மீதியை மிக்ஸி தின்றுவிட்டது.

போயிடு என்றாளா, போயிட்டு வா என்றாளா, போயிடாத என்றாளா? சின்னவளுக்குக் கால் அங்கேயே நின்றுபோயிற்று.

"என்னக்கா சொன்னே? சரியாக் கேக்கல."

மிக்ஸி நின்றது. பெரியவள் ஜாரைக் கழற்றி, கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, ஓரத்தில் ஒட்டியதைக் கரண்டியால் வழித்துப் போட்டாள். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு இவளைக் கடந்து உள்ளே போனாள். கடந்து போகும்போது கண் சிவந்திருந்தது. அது அழுததா, அடுப்பா, தெரியவில்லை.

"அக்கா, இன்னொரு தடவை சொல்லேன்" என்றாள் சின்னவள்.

தெருவில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. உள்ளே கரண்டி கிண்ணத்தில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. சின்னவள் பையைத் தோளிலிருந்து இறக்காமல், உள்ளேயும் போகாமல், இரண்டாவது தடவைக்காக வாசலில் நின்றாள்.